எம்பி3 தின்ற ஒலியை யாராலும் மீட்டுத்தர முடியாது

கேள்வி: இரவில் கைபேசியில் பதிந்த ‘டிக் டிக்’ ஒலியை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் ஒலிப்படம்) பார்த்தேன். கோப்பு எம்பி3. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்ததுபோல் காலி. கீழே ஒவ்வொரு ‘டிக்’கும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகிறது. இது வௌவாலா? பணம் கொடுத்தால் சுத்தம் செய்து இனத்தையும் சொல்வதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கத்தரிப்பு எம்பி3 செய்த வேலை. கோப்பைச் சிறிதாக்க உச்ச அதிர்வெண்களை வெட்டிவிடும். பிறகு வேவ் (ஒலியை வெட்டாமல் வைக்கும் வடிவம்) கோப்பாக மாற்றினாலும் போனது போனதுதான். ‘சுத்தம் செய்கிறேன்’ என்பவர்கள் இரைச்சல் நீக்கியை ஓட்டுவார்கள். மெல்லிய ஒலியும் சேர்ந்து அழிந்து, மிச்சமிருக்கும் திட்டுகள் புது ஒலிபோல் தோன்றும். அதைக் காட்டி ஒரு பெயரும் சொல்லிவிடுவார்கள். அசல் கோப்பை யாரும் தொடவிடாதீர்கள்.

இழுபடுவதற்கு வேறு காரணம். மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக வைத்துத்தான் படம் வரையும்; ஒரு துண்டில் எத்தனை மாதிரிகள் என்பதே விண்டோ அளவு. அது 2048 என்று இருந்தால், 44,100 சாம்பிளிங் வேகத்தில் (விநாடிக்கு 44,100 மாதிரிகள்) ஒரு துண்டு சுமார் 46 மில்லிவிநாடி. அதைவிடச் சின்ன ‘டிக்’ அதற்குள் பரவத்தான் செய்யும். 512 வைத்துப் பாருங்கள், 12 மில்லிவிநாடிக்கு வந்துவிடும். நீண்ட ஊளை, சீழ்க்கை என்றால் பெரிய அளவே நல்லது.

சரி, வௌவாலா? எதிரொலியைக் கேட்டு வழியறிய அவை எழுப்பும் அழைப்புகள் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். 44,100 வேகப் பதிவில் 22,050 ஹெர்ட்ஸ்தான் உச்சவரம்பு, அதனால் அவற்றில் பெரும்பாலானவை அதில் சிக்காது. ஆனால் பழந்தின்னி வௌவால்களை இதில் சேர்க்காதீர்கள். பெரும்பாலானவை எதிரொலியை நம்புவதில்லை. கூடுமிடத்தில் அவை போடும் சண்டைச் சத்தம் நம் காதுக்கே நன்றாகக் கேட்கும். அவற்றிலும் ரூசெட்டஸ் வகை, நாக்கால் சொடுக்கி எதிரொலியைக் கேட்டுப் பறக்கும். அந்தச் சொடுக்கு கைபேசியில் பதிய வாய்ப்புண்டு. உங்களுடையது அதுவாகவும் இருக்கலாம், பூச்சியாகவும் இருக்கலாம். இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவுசொல்ல மாட்டேன்.

கைபேசிப் பதிவுச் செயலிகள்மேல் எனக்குத் தீராத கோபம். மனிதப் பேச்சைத் தவிர எல்லாமே அவற்றுக்கு இரைச்சல். அந்த வடிகட்டியை நிறுத்தும் வசதியை எங்கோ ஒளித்துவைக்கிறார்கள், சிலதில் அதுவும் இல்லை. வேவ் வடிவில் பதியும் செயலியாகத் தேடி எடுங்கள். அப்புறம், பதிவின் கடைசியில் இடம், நேரம், ஒலி வந்தது மரத்திலிருந்தா நீரருகிலிருந்தா என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்டாத அந்தக் கோப்பை உங்கள் பகுதி உயிரினங்களை அறிந்தவரிடம் கொடுங்கள். அவர் பெயர் சொன்னால், ஒப்பிட்ட பதிவையும் காட்டச் சொல்லுங்கள்.