கிரேஃபிஷ் உரித்த ஓட்டை நினைவாக எடுத்து வைக்கலாமா?

"என் கிரேஃபிஷ் நேற்று இரவு சட்டை உரித்தது. அந்த ஓட்டை உடையாமல் எடுத்து நினைவாக வைக்க முடியுமா? நாளாக நாளாக நாற்றம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். (கிரேஃபிஷ் தெரியாதவர்களுக்கு: நன்னீரில் வாழும், பெரிய கொடுக்கு வைத்த இறால் மாதிரியான பிராணி.) என் மேசையில் அப்படி ஒரு ஓடு நான்கு வருடமாக இருக்கிறது. ஆனால் "நேற்று இரவு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஓடு இன்னும் தொட்டிக்குள்தான் கிடக்கிறது என்றால் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். உங்களுக்கு இது முதல் முறையாகத்தான் இருக்கும். கேமராவும் கையுமாகத் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். நானும் நின்றவன்தான்.

என்னுடையது நீல வகை, புளோரிடாவைச் சேர்ந்த புரோகாம்பரஸ் அல்லெனி. பெயர் இடுக்கி. வாங்கி வந்த இரண்டாவது மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால் தொட்டி மூலையில் சாய்ந்து கிடக்கிறது, அசைவே இல்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்து, கரண்டியால் அள்ளிக் காகிதத்தில் சுற்றி, பூந்தொட்டி மண்ணில் புதைத்தும் விட்டேன். சாயங்காலம் தொட்டியைக் காலி செய்யலாம் என்று கல்லை நகர்த்தினால், அடியிலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்க்கின்றன. காலையில் நான் அடக்கம் செய்தது அதன் சட்டையை!

சிரிக்காதீர்கள், பார்த்தால் யாரும் ஏமாந்துதான் போவார்கள். கால், கொடுக்கு, மீசை எல்லாம் அப்படியே இருக்கும். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய படலம்கூட அந்த ஓட்டோடு வந்துவிடுகிறது. வெளியே தெரிவது மட்டுமல்ல, இரைப்பைக்குள் அரைக்கிற பற்களும் அவற்றின் உறையும்கூடக் கழன்று விடும். நான் பார்த்திருக்க வேண்டியது முதுகு ஓடும் வாலும் சேரும் இடத்தை. அங்கே ஒரு பிளவு இருந்தால் அது சட்டை. கரண்டியில் எடுத்தால் கனமே இருக்காது, கண் காலிக் கண்ணாடி மாதிரி இருக்கும். செத்த உடம்பு கனக்கும், சீக்கிரமே நாற்றமும் எடுக்கும்.

சரி, ஏன் கை வைக்கக் கூடாது என்கிறேன்? அந்த ஓடு இன்னும் அதற்குத் தேவை. கைட்டின் என்ற நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்த சட்டத்தில் கால்சியம் கார்பனேட் படிந்துதான் ஓடு கெட்டியாகிறது. உரிப்பதற்கு முன்னால் அதில் கொஞ்சத்தை உடம்புக்குள் இழுத்து, இரைப்பைச் சுவரில் பொத்தான் மாதிரி இரண்டு கற்களாகச் சேர்த்து வைக்கும். உரித்த பிறகு கல் கரைந்து புது ஓட்டுக்குப் போகும். (இந்தக் கற்களை ஒரு காலத்தில் ஐரோப்பாவில் 'நண்டின் கண்' என்று மருந்தாக விற்றிருக்கிறார்கள். கண்ணும் இல்லை, நண்டும் இல்லை.) ஆனால் அந்தக் கல் மட்டும் போதாது. மீதிக்குத் தண்ணீர், தீனி, அப்புறம் கழற்றிப் போட்ட பழைய ஓடு. இரண்டு நாளில் வெளியே வந்து தன் சட்டையைத் தானே காலிலிருந்து கொறிக்க ஆரம்பிக்கும். அதுவரை உடம்பு மெத்தென்று இருக்கும், கூட மீன் இருந்தால் கிரேஃபிஷுக்குத்தான் ஆபத்து.

அதனால் நான் சொல்வது, நான்கைந்து நாள் விடுங்கள். தின்றது போக முதுகு ஓடும் இரண்டு கொடுக்குகளும் பெரும்பாலும் மிஞ்சும். நினைவுக்கு அவை போதும். முழு ஓடுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், நன்றாகக் கழுவிப் பொடித்த முட்டை ஓடோ கணவாய் ஓடோ முன்பே தொட்டியில் போட்டுவிட்டு, இன்னொரு முறை உரிக்கும்போது எடுங்கள். உங்களுடையது சின்னதாக இருந்தால் அடுத்த முறைக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ந்ததுதான் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளும்.

இதைப் படிப்பவர்களில் யாராவது துறவி நண்டு வளர்த்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரையில் வாழும் வகை மண்ணுக்குள் புதைந்து, வாரக்கணக்கில் கிடந்துதான் உரிக்கும். ஓடு வேண்டும் என்று தோண்டினால் நண்டே போய்விடும். அது முதுகில் சுமக்கும் சங்கு வேறு கதை, அது நத்தை விட்டுப்போன வீடு. பத்திரமாக எடுத்து வைப்பதற்கு அதில் ஒரு வித்தையும் வேண்டாம்.

இரண்டாவது சட்டையையும் நான் கெடுத்தேன். கிருமி இருக்குமே என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். நீலமாகப் போனது ஆரஞ்சாக வெளியே வந்தது. ஓட்டில் இருக்கும் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்திருக்கும் வரைதான் நீலம். சூடு பட்டால் புரதம் குலைந்து சிவப்பு வெளியே வந்துவிடும், திரும்பப் போகாது. ஆல்கஹாலில் நாள் கணக்கில் ஊற வைத்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். வினிகர் கூடவே கூடாது, கால்சியத்தைக் கரைத்துவிடும்.

மூன்றாவதுதான் ஒழுங்காக வந்தது. ஓட்டைக் கையால் தூக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒரு தட்டை அடியில் நுழைத்து, தண்ணீரோடு சேர்த்து மேலே எடுத்தேன். நீரில் இருக்கும்வரை கால்கள் தாங்கும், வெளியே தனியாகத் தூக்கினால் மூட்டு மூட்டாகக் கழன்றுவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை (இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு விழும்), அப்புறம் எழுபது சதவீத ஆல்கஹாலில் சில நிமிடம் மட்டும். பிறகு தெர்மாகோல் பலகையில் காகிதம் விரித்து அதன்மேல் கிடத்தினேன். குண்டூசியை ஓட்டில் குத்தக் கூடாது. காலுக்கு இரண்டு பக்கமும் சாய்வாகக் குத்தி, அணை கட்டுவது போல நிறுத்த வேண்டும். மீசையை எந்தப் பக்கம் வளைக்க வேண்டுமோ ஈரத்திலேயே வளைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு தொட்டால் படக் என்று போய்விடும். எனக்கு வலது மீசை பாதிதான் மிச்சம்.

நிழலில் பத்து நாள் காய வைத்தேன். வெயிலில் வைத்தால் நீலம் வெளுத்துப் போகும். எறும்பு வராத இடம் முக்கியம், மிச்சம் மீதி சதைத் துணுக்கு இருந்தால் அவை எப்படியும் கண்டுபிடித்துவிடும். கழன்ற மூட்டுகளை வெள்ளைப் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு ஒட்டினேன். உடனடியாக ஒட்டும் அந்தச் சின்ன டியூப் பசை வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். மேலே மெல்லிய அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு, அப்புறம் மூடியுள்ள கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். ஓட்டின்மேல் ரெசின் (கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊற்றலாம், ஆனால் முதுகு ஓட்டுக்குள் இருக்கும் காற்று குமிழாகக் கிளம்பும். உள்ளே முதலில் ரெசினை நிரப்பி, பிறகு அடுக்கடுக்காக ஊற்றினால் குமிழ் குறையும்.

என்னிடம் இருக்கும் ஓட்டில் இடது கொடுக்கு வலதில் பாதிதான் இருக்கும். அதற்கு முன்பு ஒருமுறை கல் இடுக்கில் மாட்டிய கொடுக்கை இடுக்கி தானாகவே கழற்றிப் போட்டது. ஒவ்வொரு சட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வந்தது. அந்தப் பாதி வளர்ந்த கொடுக்கைப் பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறேன் என்றே சொல்லலாம்.

நான்காவது சட்டை உரிக்கும்போது இடுக்கி போய்விட்டது. முதுகு ஓடு பிளந்து, உடம்பு பாதி வெளியே வந்து, கொடுக்குகள் மட்டும் வராமல் மாட்டிக்கொண்டது. காலையில் நான் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாவது ஓட்டை, இடுக்கி உரித்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தவன் நான், மேலே உங்களுக்குச் சொன்ன எதையும் கேட்காமல். "அதனால்தான் செத்தது" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இரண்டுக்கும் நடுவே ஏழு மாதம். அதற்குள் கணவாய் ஓடு போட்டேன், தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்தேன், தீனியில் குறை வைக்கவில்லை. உரிக்கும்போது மாட்டிக்கொள்வது நன்றாகப் பார்த்துக்கொள்பவர்கள் தொட்டியிலும் நடக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு மணி நேரம் அவ்வப்போது ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்ய.

வீட்டில் இதைச் சொன்னால், "போயும் போயும் ஒரு ஓட்டுக்கா இவ்வளவு" என்பார்கள். அதிகம் சொல்வது என் அண்ணன். வீடு மாறும்போது அப்பாவின் ரேடியோவை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய சாமானோடு சாமானாகப் போட்டு அனுப்பியவர் அவர். பாட்டு வரவில்லையாம், இடத்தை அடைக்கிறதாம். அதன் குமிழைத் திருப்பித் திருப்பி அப்பா விரல் பட்ட இடம் மட்டும் வழுவழுப்பாகியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டவருக்கு நான் கண்ணாடிப் பெட்டி வாங்கியது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை, விடுங்கள்.

நாற்றம் கேட்டிருந்தீர்கள். முழுதாகக் காய்ந்த ஓட்டில் வராது. வந்தால் வாலின் மடிப்புக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் திறந்து வைத்து இன்னும் நாலு நாள் காய விடுங்கள், அது வரை வார்னிஷ் அடிக்காதீர்கள்.