ராமேஸ்வரம்னா சரி, தனுஷ்கோடின்னா எதுக்கு?

வணக்கம் மேடம்,

எனக்கு 54 வயசு. கூட பத்தாவது படிச்சவங்க நாலு பேரு சேர்ந்து தனுஷ்கோடி போலாம்னு பிளான் போட்டோம். "தனியாவா போறீங்க"ங்கறான் என் பையன். நாலு பேருடான்னா "ஆம்பள யாருமில்லையே"ங்கறான். ராமேஸ்வரம் கோயிலுக்குன்னா ஓகேவாம், தனுஷ்கோடில என்னம்மா இருக்குங்கறான். நாங்க ஆசப்படுறது தப்பா?

ஒரு வாசகி, திண்டுக்கல் பக்கம்

அக்கா,

தப்பே இல்ல. கோயில் வரைக்கும் வராத பயம் அதத் தாண்டி 20 கிலோமீட்டர் போனா வருதுன்னா அது முழுசா பாதுகாப்பு பத்தின பயம் இல்ல.

எங்கம்மா வருசா வருசம் செவ்வாடை கட்டி இருமுடியோட மேல்மருவத்தூர் போவாங்க, தெருப் பொம்பளைங்க எல்லாம் ஒரே வேன்ல. மாதவிலக்குன்னாலும் உள்ள வரலாம்னு சொன்ன கோயில், அதனால தேதி பாத்து தடுக்கவும் யாராலயும் முடியாது. திரும்புறப்போ மகாபலிபுரம். அம்மா மொதமொதல்ல கடலப் பாத்ததே அப்பதான், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேசினது அம்மனப் பத்தி இல்ல, முட்டி வரைக்கும் சேல நனைஞ்சதப் பத்தி. அப்பா ஒரு வார்த்த கேட்டதில்ல, சாமி காரியமாச்சே.

2021 மே மாசம் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு ஆனப்புறம் இன்னொண்ணு பாத்தேன். பக்கத்து சீட்டு பாட்டிகிட்ட மக வீட்டுக்கான்னு கேட்டேன், சும்மா சந்தையப் பாக்கன்னுச்சு, வாங்க ஒண்ணுமில்லயாம். பஸ்ஸுக்கு காசு குடுன்னு நின்னாதான எதுக்குன்னு கேப்பாங்க!

பையன் பயம் மொத்தமும் பொய்யின்னு சொல்லல. தனுஷ்கோடிக்கு காலைலயே கெளம்பிருங்க, இருட்டுனா ரோடு முடியுற கடல் முனை, அரிச்சல்முனைல இருக்க விடமாட்டாங்க. அப்புறம் பாத்ரூமுக்கு பயந்து தண்ணி குடிக்காம போறது நம்ம எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம், அந்த வெயில்ல அது ஆகாது, ராமேஸ்வரத்துலயே ரூம்ல போயிட்டு வண்டி ஏறுங்க. 1964 புயல்ல போன சர்ச்சோட சுவரு இன்னும் நிக்குது, பாருங்க.

ராமேஸ்வரம்னு மட்டும் சொல்லிட்டு நைசா போயிரலாம், எங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்க. ஆனா நீங்க தனுஷ்கோடின்னே சொல்லிட்டு போங்க அக்கா. அங்க என்ன இருக்குன்னு திருப்பிக் கேட்டா, கடல் இருக்குடான்னு சொல்லுங்க.