ஆக்சுவரி பணி: கணிதம் படித்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆசிரியர் வேலை, வங்கித் தேர்வு இரண்டையும் விட்டால் வேறு வழியில்லை என்கிறார்கள். ஆக்சுவரி என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்?

பதில்: வேறு வழிகள் பல உண்டு, அவற்றில் நான் நன்கறிந்தது இது. காப்பீட்டு நிறுவனமோ ஓய்வூதிய நிதியமோ இன்று தரும் வாக்குறுதியை முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் காப்பாற்ற எவ்வளவு பணம் கையிருப்பில் வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவரே ஆக்சுவரி. ஒரே வயதுடைய 10,000 பேர் தலா 10 லட்சம் ரூபாய்க்கு ஓராண்டுக் காப்பீடு எடுக்கிறார்கள் என்றும், அந்த வயதில் ஆயிரத்துக்கு ஒருவர் அவ்வாண்டில் இறக்கக்கூடும் என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் இறப்புகள் 10, கொடுக்க வேண்டிய தொகை 1 கோடி, ஆளுக்கு 1,000 ரூபாய். இதுவரை பள்ளிக் கணக்கே. ஆனால் 16 பேரோ அதற்கு மேலோ இறந்துவிட்டால்? அரிதான நிகழ்வுகள் எத்தனை முறை நேரக்கூடும் என்று கணிக்கும் பாய்சான் பரவலின்படி அதற்கு ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த நிலையிலும் எல்லாக் குடும்பங்களுக்கும் பணம் போய்ச் சேர வேண்டும். எங்கள் வேலை தொடங்குவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: எவ்வளவு உயர்கணிதம் தேவை?

பதில்: நிகழ்தகவு, புள்ளியியல், கூட்டுவட்டி, நுண்கணிதம் ஆகியவை ஆழமாகத் தெரிந்திருந்தால் போதும். 1693-இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணை அமைத்தார்; 1825-இல் கணிதவியலாளர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ், நடுவயதுக்குப் பின் இறப்பு வீதம் ஏறக்குறையப் பெருக்குத் தொடராக உயர்வதைக் காட்டினார். அந்த வளைவை நீங்களே வரைந்து பார்க்கும்போது மகிழ்ச்சி தோன்றினால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும்.

கேள்வி: நான் பி.காம். பட்டதாரி. சேர முடியுமா?

பதில்: முடியும். இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்தும் ஏசெட் நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள்கூட எழுதலாம்.

கேள்வி: எனக்கு வயது 34, மென்பொருள் துறையில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றன. வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்கள் பலர். எல்லாத் தாள்களையும் முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும், இடையில் தோல்விகளும் வரும் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் சிஎஸ்1 (ஆக்சுவரிப் புள்ளியியல்), சிஎம்1 (ஆக்சுவரிக் கணிதம்) ஆகிய இரு தாள்களை எழுதித் தேறிய பிறகு மேற்கொண்டு முடிவெடுங்கள். நிரல் எழுதத் தெரிந்திருப்பது உங்களுக்குப் பெரும் பலம்; தேர்வுகளிலேயே ஆர் (R) என்ற நிரல்மொழி இடம்பெறுகிறது.

கேள்வி: காப்பீட்டுக்கு வெளியே வேலை உண்டா? கணக்கையெல்லாம் கணினியே செய்துவிடாதா?

பதில்: இரண்டுக்கும் ஒரே எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் பின்னாளில் தர வேண்டிய பணிக்கொடையின் இன்றைய மதிப்பை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் ஊதியம் என்ற கணக்கைக் கணினி நொடியில் போட்டுவிடும். ஆனால் அந்தக் கடைசிச் சம்பளம் எவ்வளவாக இருக்கும், எத்தனை பேர் இடையில் விலகுவார்கள், எந்த வட்டி வீதத்தில் அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவது என்பவற்றை, அந்த நிறுவனத்தின் பழைய பதிவுகளையும் அரசுப் பத்திரங்களின் வருவாய் வீதத்தையும் பார்த்து, ஒரு மனிதர்தான் தீர்மானித்துத் தணிக்கையாளரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். இளம் ஊழியர்கள் மிகுந்த ஒரு நிறுவனத்தில் ஆண்டுச் சம்பள உயர்வை 7 சதவீதத்திலிருந்து 8 ஆக மாற்றினாலே இறுதித் தொகை கணிசமாக ஏறிவிடும்.