வியூஸ் வந்துச்சு, ஆர்டர் எங்க?

வாசகர் கேள்வி பதில்: சின்ன வியாபாரமும் சோஷியல் மீடியாவும்

கோவில்பட்டில வீட்லயே கடலைமிட்டாய், முறுக்கு, சீவல் எல்லாம் போட்டு விக்கிறேன். இன்ஸ்டாகிராம்ல 8,000 ஃபாலோயர்ஸ் இருக்காங்க, ஒரு ரீல்ஸ் லட்சம் வியூஸ் கூட போச்சு. ஆனா வாரத்துக்கு நாலஞ்சு ஆர்டர் வந்தாலே பெருசு. டெய்லி ரெண்டு ரீல்ஸ் போட்டாதான் பிக்கப் ஆகும்னு பொண்ணு சொல்றா. போடட்டுமா?
– வாசகி, கோவில்பட்டி

ரீல்ஸை அப்புறம் பாத்துக்கலாம்க்கா, முதல்ல உங்க கமென்ட்ஸைத் திறந்து பாருங்க. "எவ்ளோ?"ன்னு நாப்பது பேர் கேட்டிருப்பாங்க, எல்லாருக்கும் "டிஎம் பண்ணுங்க"ன்னு, அதாவது தனியா மெசேஜ் போடுங்கன்னு, பதில் போட்டிருப்பீங்க. ராத்திரி படுத்துக்கிட்டே போனை நோண்டிட்டு இருக்கறவங்களுக்கு அந்த நிமிஷம் நாக்குல எச்சில் ஊறுது, விலை கேக்குறாங்க, நீங்க மறுநாள் மத்தியானம் டிஎம்ல பதில் சொல்றப்ப அவங்க அதை மறந்தே போயிருப்பாங்க. விலையை மறைச்சா ஜனங்க தேடி வந்து கேப்பாங்கன்னு யார் கிளப்பி விட்டாங்களோ, பட்டுப்புடவை விக்கறவங்கள்ல இருந்து ஊறுகாய் விக்கறவங்க வரைக்கும் இதையே பண்றாங்க, எனக்கு இது சுத்தமா பிடிக்கல.

படத்து மேலயே எழுதிடுங்க. "கடலைமிட்டாய் அரை கிலோ 160 ரூபா, தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் 60 ரூபா, திங்கள் வியாழன் அனுப்புவோம், 20 நாள் வரைக்கும் வச்சு சாப்பிடலாம்" (விலையும் நாளும் நான் சும்மா போட்டது, உங்க கணக்கை நீங்க போடுங்க). இந்த ஒரு வரில அவங்க கேக்கப்போற நாலு கேள்விக்கும் பதில் வந்துடுது. அதுக்கு மேலயும் கேட்டா கமென்ட்லயே பதில் சொல்லுங்க, ஒருத்தருக்கு சொன்னா அடுத்து வர்ற பத்து பேரும் படிப்பாங்க.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். இது சாதா வாட்ஸ்அப் இல்ல, தனி ஆப், ஃப்ரீதான். ரெண்டாவது சிம்ல போட்டுக்கோங்க, இல்லன்னா மாமியார் அனுப்புற குட்மார்னிங்குக்கு நடுவுல ஆர்டர் காணாம போயிடும். அதுல கேட்டலாக்னு ஒண்ணு இருக்கு, 500 பொருள் வரைக்கும் படம் விலையோட ஏத்தலாம். க்விக் ரிப்ளை இருக்கு, அக்கவுன்ட் விவரம், கூரியர் சார்ஜ் எல்லாம் ஒருதடவை டைப் பண்ணி வச்சுட்டா ஸ்லாஷ் போட்டு ரெண்டு எழுத்து தட்டினா மொத்த மெசேஜும் வந்துரும். லேபிள் இருக்கு, பணம் வர வேண்டியவங்க, பார்சல் அனுப்பினவங்கன்னு கலர் கலரா பிரிச்சுக்கலாம். அந்த வாட்ஸ்அப் லிங்கை இன்ஸ்டா பயோல போட்டுடுங்க.

இன்னும் ரெண்டு சொல்றேன். சாப்பாட்டுப் பொருள் விக்கிறதால எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், வீட்ல போட்டாலும் வேணும். அந்த 14 இலக்க நம்பரை பாக்கெட்லயும் பயோலயும் போடுங்க, தெரியாத ஊர்க்காரங்க முதல் தடவை காசு அனுப்பறப்ப அதைத்தான் பாப்பாங்க. அப்புறம் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது இல்லயா, அந்த ஜிஐ லோகோவை கூகுள்ல எடுத்து போஸ்டர்ல ஒட்டிடாதீங்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணவங்கதான் அதைப் போடலாம். இதெல்லாம் முடிச்சுட்டு வாரத்துக்கு ரெண்டு ரீல்ஸ் போடுங்க, போதும்.

பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். வாட்ஸ்அப் ப்ராட்காஸ்ட்ல 600 கடைக்காரங்களுக்கு புது டிசைன் அனுப்பறேன், பாதி பேர் "எனக்கு வரவே இல்ல"ங்கறாங்க. போன் ரிப்பேரா?
– வாசகர், சென்னிமலை

போன் நல்லாத்தான் இருக்கு. ப்ராட்காஸ்ட் லிஸ்ட் ஒண்ணுக்கு 256 பேர்தான், அதுலயும் உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தா மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும், நீங்க அவங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கறது கணக்குல வராது. அதனால பில்லோட ஒரு சின்ன சீட்டு வைங்க, "இந்த நம்பரை சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் போடுங்க, புது டிசைன் முதல்ல உங்களுக்கு வரும்"னு. போடாதவங்களை விட்டுடுங்க. வேணாம்னு நினைக்கறவங்களுக்கும் அனுப்பிட்டே இருந்தா அவங்க ப்ளாக் பண்ணுவாங்க, ரிப்போர்ட் அடிப்பாங்க, அது சேர்ந்தா நம்பரையே வாட்ஸ்அப் முடக்கிடும், அப்புறம் பத்து வருஷ வியாபாரம் இருந்த நம்பரை வச்சுக்கிட்டு யார்கிட்ட போய் முறையிடுவீங்க. 'பல்க் வாட்ஸ்அப் சாஃப்ட்வேர்'னு விலை பேசி விக்க வர்றாங்களே, அவங்க பக்கமே போகாதீங்க.

தமிழ்நாடு பூரா இருக்கற கடையை ஒரே லிஸ்ட்ல போடாம, துண்டு வாங்கறவங்க, பெட்ஷீட் வாங்கறவங்கன்னு பிரிச்சா 256ங்கற கணக்கும் அடிபடாது, துண்டுக்காரருக்கு பெட்ஷீட் படம் போய் எரிச்சலும் வராது. மாசத்துக்கு ரெண்டு தடவை அனுப்பினா தாராளம்.

சின்ன டி-ஷர்ட் யூனிட் வச்சிருக்கேன் சார். வெளிநாட்டு பையர் லிஸ்ட் ஒண்ணு கிடைச்சுது, தினமும் ஜிமெயில்ல இருந்து நூறு நூத்தம்பது மெயில் போடறேன். ரெண்டு மாசமாச்சு, ஒரு பதில் இல்ல. ஸ்பாம்ல போகுதோ?
– வாசகர், திருப்பூர்

போகுது தம்பி, போகாம இருந்தாதான் ஆச்சரியம். நீங்க அனுப்பின சாம்பிள் மெயிலைப் பாத்தேன். சப்ஜெக்ட்ல "டியர் சார்" மட்டும் இருக்கு. உள்ள "வி ஆர் லீடிங் மேனுஃபேக்சரர்"ல ஆரம்பிச்சு ரெண்டு பாரா உங்க கம்பெனி புராணம், கீழ 22 எம்பில பிடிஎஃப், எல்லாத்துக்கும் மேல 'To'ங்கற இடத்துல நாப்பது பையரோட அட்ரஸ் வரிசையா தெரியுது. இந்த ஒண்ணு போதும், அந்த நாப்பது பேரும் டெலீட் பண்ணிடுவாங்க, ஏன்னா தன்னோட அட்ரஸை மத்த 39 பேருக்கும் காட்டிக் கொடுத்த ஆளை நம்பி யாரும் கன்டெய்னர் ஆர்டர் கொடுக்க மாட்டாங்க. பிசிசில போட்டா அட்ரஸ் மறையும், ஆனா நான் அதையும் சொல்ல மாட்டேன், பையருக்கு எழுதறப்ப ஒருத்தருக்கு ஒரு மெயில்தான்.

முதல்ல அட்ரஸை மாத்துங்க. கம்பெனி பேர்ல ஒரு டொமைன் வாங்குங்க, வருஷத்துக்கு ஆயிரம் ரூபா சுமாருக்கே கிடைக்கும். அதுல மெயில் வைக்க கூகுள் வொர்க்ஸ்பேஸ் இருக்கு, நம்ம ஊர் ஸோஹோ மெயில் இருக்கு, ரெண்டு மூணு பேர் இருக்கற யூனிட்டுக்கு சின்ன ப்ளானே போதும். செட்டப் பண்றப்ப எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு ரெக்கார்டு டொமைன் செட்டிங்ஸ்ல போடச் சொல்லும், தலை சுத்துதேன்னு தள்ளிப் போட்டுடாதீங்க. இந்த மெயில் நிஜமாவே இந்த கம்பெனில இருந்துதான் வந்துச்சுன்னு வாங்குற பக்கத்துக்கு காட்டறது அந்த மூணும்தான். 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் இதுல ரொம்ப கறார். ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணுமே கட்டாயம், அன்சப்ஸ்க்ரைப் பட்டனும் வேணும். உங்களை மாதிரி கொஞ்சமா அனுப்பறவங்களுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டுல ஒண்ணாவது இருந்தாகணும். சாதா ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல அனுப்பினா அக்கவுன்ட்டே ஒரு நாள் வரைக்கும் நின்னுடும், அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இப்ப மெயிலுக்கு வருவோம். சப்ஜெக்ட்ல சரக்கைச் சொல்லுங்க: "180 ஜிஎஸ்எம் காட்டன் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட், 500 பீஸ் மினிமம், திருப்பூர்". பையர் போன்ல நோட்டிஃபிகேஷனைப் பாக்கறப்பவே தனக்கு வேணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்கணும். உள்ள மொத்தமே ஆறு வரிதான். அவங்க வெப்சைட்ல எந்த ஸ்டைலைப் பாத்தீங்கன்னு ஒரு வரி. அந்த மாதிரி நீங்க என்ன தைக்கிறீங்கன்னு ஒரு வரி. எஃப்ஓபி விலை (கப்பல்ல ஏத்தறது வரைக்குமான விலை) எதுல இருந்து எது வரைக்கும், சாம்பிள் எத்தனை நாள், பல்க் எத்தனை நாள். கோட்ஸ், ஓகோ-டெக்ஸ்னு சர்ட்டிஃபிகேட் இருந்தா அதோட நம்பர், இல்லன்னா அந்தப் பேச்சே எடுக்க வேணாம், இருக்கற மாதிரி பூசி மெழுகினா முதல் ஆடிட்லயே மாட்டிப்பீங்க. கடைசியா ஒரே ஒரு கேள்வி, "சாம்பிள் அனுப்பட்டுமா?"ன்னு. பிடிஎஃப் வேணவே வேணாம், நல்ல வெளிச்சத்துல எடுத்த ரெண்டு படம் போதும், அதுல ஒண்ணு தையலை கிட்டத்துல காட்டற மாதிரி. கீழ உங்க பேர், யூனிட் அட்ரஸ், வாட்ஸ்அப் நம்பர் நாட்டு கோடோட.

ஒரு நாளைக்கு பத்து பேருக்கு இப்படி எழுதுங்க. பதில் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு அதே மெயிலுக்கு ரிப்ளையா ரெண்டு வரி, அதுக்கப்புறம் ஒருதடவை, அதோட நிறுத்திடுங்க. காசு கொடுத்து வாங்கின லிஸ்ட்டா அது? பாதி அட்ரஸ் செத்துப்போனதா இருக்கும், மெயில் பவுன்ஸ் ஆகி திரும்பி வர வர உங்க பேர்தான் கெடும்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், ஏன்னா எக்ஸ்போர்ட் ஊர்ல இது அடிக்கடி நடக்குது. ஆர்டர் ஓடிட்டு இருக்கறப்ப, யாரோ உங்க மெயிலுக்குள்ள பூந்தோ இல்ல ஒரே ஒரு எழுத்து மாறின டொமைன்ல இருந்தோ பையருக்கு "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இதுல போடுங்க"ன்னு எழுதுவான், பணம் அவனுக்குப் போயிடும். அதனால முதல் இன்வாய்ஸ்லயே போட்டுடுங்க, அக்கவுன்ட் மாறினா வீடியோ கால்ல வந்து சொல்லுவோம், மெயில்ல சொன்னா நம்பாதீங்கன்னு. நூல்காரர்கிட்ட இருந்து உங்களுக்கு அந்த மாதிரி மெயில் வந்தாலும் அவருக்கு போன் அடிச்சு, பழைய நம்பருக்கே அடிச்சு, கேட்டுட்டுதான் பணம் போடணும்.

எங்க மெஸ்ஸுக்கு கூகுள்ல ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டு "சாம்பார் தண்ணி, ஓனர் திமிர்"னு எழுதிட்டார். எடுக்க வைக்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

கெட்ட வார்த்தையோ, போட்டிக்கடைக்காரர் வேலையோன்னா ரிப்போர்ட் பண்ணலாம், எடுத்தாலும் எடுப்பாங்க. சாம்பார் தண்ணின்னு ஒருத்தர் சொல்றது அவர் அபிப்பிராயம், அது நிக்கும். நீங்க திட்டி பதில் எழுதினா 'திமிர்'ங்கறதுக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். "வருத்தமா இருக்குங்க, எந்த நாள் வந்தீங்கன்னு சொல்லுங்க, அன்னைக்கு சமையல்ல என்ன ஆச்சுன்னு கேக்கறேன்"னு எழுதிட்டு விடுங்க, அந்த பதிலை அவரை விட அடுத்து மெஸ் தேடி வர்றவங்கதான் அதிகமா படிப்பாங்க. தினமும் சாப்பிடறவங்கள்ல நாலு பேரை ரிவ்யூ எழுதச் சொல்லுங்க. காசு கொடுத்து அஞ்சு ஸ்டார் வாங்காதீங்க, ஒரே நாள்ல முப்பது பேர் "நைஸ் ஃபுட்"னு எழுதினா கூகுளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அப்படியே உங்க கூகுள் ப்ரொஃபைல்ல ஞாயித்துக்கிழமை லீவுன்னு இருக்கா பாருங்க, லீவு நாள்ல வந்து பூட்டைப் பாத்துட்டு போறவங்க போடற ஒரு ஸ்டார் இதை விட நிறைய.

கேட்டரிங் பண்றேன். மிலிட்டரி ஆபீசர்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல 150 பேருக்கு பிரியாணி ஆர்டர் கொடுத்தார், ஐடி கார்டு போட்டோ கூட அனுப்பினார். அட்வான்ஸ் அனுப்பறேன், க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கங்கறார். சந்தேகமா இருக்கு.
– வாசகி, திருச்சி

சந்தேகமே வேணாம்மா, அது திருட்டுதான், நம்பரை ப்ளாக் பண்ணுங்க. யுபிஐல பணம் வாங்கறதுக்கு பின் தேவையே இல்ல, பின் போட்டா உங்க அக்கவுன்ட்ல இருந்து போகும். யூனிஃபார்ம் போட்டோ, கேன்டீன் கார்டு, அவசரம், ஹிந்தி கலந்த பேச்சு, இந்த நாடகம் நாடு பூரா ஓடிட்டு இருக்கு. பணம் போயிருந்தா யோசிக்காம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிக்கணும், சீக்கிரம் சொன்னாதான் பணத்தை நடுவுல நிறுத்த வழி இருக்கும். பணம் அனுப்பிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் வந்தாலும் நம்பாதீங்க, உங்க பேங்க் ஆப்ல ஏறிடுச்சான்னு பாத்துட்டு அடுப்பைப் பத்த வைங்க.

இதே மாதிரி இன்னொண்ணு, "உங்க பேஜ்ல காப்பிரைட் பிரச்னை, 24 மணி நேரத்துல பேஜ் போயிடும், இந்த லிங்க்ல அப்பீல் பண்ணுங்க"ன்னு மெட்டா பேர்ல மெசஞ்சர்ல வரும். லிங்க்ல பாஸ்வேர்டு போட்டீங்கன்னா அப்புறம் பேஜ் அவன் கைல. ஃபேஸ்புக், இன்ஸ்டா, ஜிமெயில் எல்லாத்துலயும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்னைக்கே ஆன் பண்ணுங்க. வாட்ஸ்அப்லயும் 6 இலக்க பின் வைக்கலாம், அதையும் வச்சுடுங்க.

போஸ்ட் எல்லாம் தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?
– வாசகர், தேனி

கடைக்கு வர்றவங்க கல்லாவுல என்ன பாஷை பேசறாங்களோ அதுல.

ஆரி வொர்க் ப்ளவுஸ் தைக்கிறேன். இன்ஸ்டால பூஸ்ட் பட்டனை அமுக்கி 2,000 ரூபா போச்சு, லைக்ஸ்தான் வந்துச்சு, அதுவும் எந்தெந்த ஊர்ல இருந்தோ.
– வாசகி, திருநெல்வேலி

பூஸ்ட் பண்றப்ப என்ன வேணும்னு ஒரு கேள்வி கேக்கும், நீங்க ப்ரொஃபைல் விசிட்னு விட்டிருப்பீங்க. அதுல மெசேஜ்னு செலக்ட் பண்ணுங்க. ஊரை ஆப்பையே தேர்ந்தெடுக்க விடாதீங்க, உங்க கடை இருக்கற இடத்துல பின் வச்சு பத்து பதினஞ்சு கிலோமீட்டர்னு நீங்களே போடுங்க, அளவு ப்ளவுஸ் கொடுக்க நேர்ல வரணும்ல, சென்னைல இருந்து லைக் போட்டு என்ன பிரயோஜனம். போட்ட காசுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி பிடிப்பாங்க, அதையும் கணக்குல வைங்க. சினிமாப் பாட்டு போட்ட ரீல்ஸை பூஸ்ட் பண்ண முடியாம நிக்கும், ஊசி தட்டுற சத்தத்தோடயே எடுங்க, நல்லாத்தான் இருக்கும்.

அடுத்த தடவை 2,000த்தை மொத்தமா இறக்காம, ஏற்கனவே நல்லா ஓடின ஒரு வீடியோவுக்கு 300 ரூபா மூணு நாளைக்குப் போடுங்க. ஆடி முடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க, ஆவணி முகூர்த்தத்துக்கு ப்ளவுஸ் கொடுக்கறவங்க அப்பதான் தேடிட்டு இருப்பாங்க. எத்தனை பேர் வாட்ஸ்அப்ல விலை கேட்டாங்க, அதுல எத்தனை பேர் துணி கொடுத்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, அதைப் பாத்துட்டு அடுத்த 300 போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.