சிறுவர் சந்தையில் சீனி யாருடையது? ஆசிரிய மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

வன்னியில் ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புத்தாக்கம், தொழில் முயற்சியாண்மை பற்றிக் கல்வியியற் கல்லூரி மாணவர்கள் கேட்டவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

சேர், தொழில் முயற்சியாண்மை பெரிய வகுப்புப் பாடம் அல்லவா? தரம் 3 பிள்ளைக்கு எதற்கு?

பாடமாக வேண்டவே வேண்டாம். முயற்சியாண்மைக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2016 இல் வெளியிட்ட தகைமைச் சட்டகம், ஓர் எண்ணத்தைப் பிறருக்குப் பயனாக மாற்றுவதையே முயற்சியாண்மை என்கிறது. அந்தப் பயன் பணமாக மட்டுமன்றிச் சமூகப் பயனாகவோ பண்பாட்டுப் பயனாகவோ இருக்கலாம். கிணற்றடியில் வீணாக ஓடும் தண்ணீரைக் கத்தரிப் பாத்திக்குத் திருப்பிவிடும் பிள்ளை அதைத்தான் செய்கிறது. நாம்தான் "சேற்றில் விளையாடாதே" என்று அதட்டி வகுப்புக்குள் அனுப்புகிறோம்.

பிள்ளைகளே பொருள் கொண்டுவந்து விற்கும் சிறுவர் சந்தையைப் பாடசாலையில் வைத்தால் பெற்றோரே விற்று, பெற்றோரே வாங்கிப் போகிறார்கள். என்ன செய்வது?

பெற்றோரை வாங்குபவர்களாக மட்டும் உள்ளே விடுங்கள், தங்கச்சி. மல்லாவிப் பக்கம் ஒரு சந்தையில் தரம் 4 பையன் ஒருவன் 24 தேசிக்காய் கொண்டுவந்தான். ஒன்று பத்து ரூபாய். வீட்டுக்கு வீடு தேசி நிற்கிற ஊரில் யார் வாங்குவார்? பத்தரை மணி வரை மூன்றுதான் போயின. முகம் வாடியது. பிறகு எழுந்து போய் ஒரு வாளியும் ரீச்சரிடம் கொஞ்சம் சீனியும் கேட்டு வாங்கினான். வெயில் ஏறியபோது கோப்பை 30 ரூபாய்க்கு 14 கோப்பை தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து விற்றிருந்தான்.

எனக்குப் பிடித்தது மறுநாள் நடந்ததுதான். 420 ரூபாயும் இலாபம் என்றான். ரீச்சர் கரும்பலகையில் வரவு, செலவு என்று இரண்டு கோடு கீறி, "சீனி யாருடையது?" என்று கேட்டார். "நீங்கள் சும்மாதானே தந்தீர்கள்!" என்றான் பையன். கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி, "அடுத்த முறை ரீச்சர் தராவிட்டால்?" என்றாள். அரைமணி நேரம் வகுப்பு சண்டை பிடித்தது. தேசிக்காய்க்கும் விலை போட வேண்டும் என்பது அந்தச் சண்டையில்தான் வந்தது. அந்த அரைமணி நேரம் இல்லாத சந்தை வெறும் விற்பனைதான்.

எங்கள் கற்பித்தலைப் பார்க்க வரும் மேற்பார்வையாளர்கள் புத்தாக்கமான கற்பித்தல் சாதனம் கேட்கிறார்கள். பிரிஸ்டல் அட்டைக்கே காசு கரைகிறது.

கரையத்தான் செய்யும். இரவிரவாக வெட்டி ஒட்டி, பிள்ளை தொட்டால் கிழியும் என்று உயரத்தில் தொங்கவிட்ட சாதனங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அது அலங்காரம், தம்பி. பாலைப்பழ விதையைப் பத்துப் பத்தாகப் பிரித்து, கழுவிய யோகட் கப்பில் போட்டு எண்ணவையுங்கள். ஒன்று, பத்து என்று இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் இடப்பெறுமானம் எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் பிடிபடவில்லை என்று கொப்பியில் எழுதுங்கள். அடுத்த நாள் அதற்காக எதை மாற்றினீர்கள் என்பதுதான் உங்கள் புத்தாக்கம். மேற்பார்வையாளரிடம் அந்தக் கொப்பியையே நீட்டலாம்.

புதிதாக எதைத் தொடங்கினாலும் மூத்த ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள்.

முழு வகுப்பையும் தலைகீழாக்கினால் நானும் சிரிப்பேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோளம் பரவியதை ரையன், குரோஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943 இல் எழுதினார்கள். பெரும்பாலான விவசாயிகள் முதல் வருடம் சிறு துண்டில்தான் விதைத்துப் பார்த்தார்கள். நம் ஊர்க் கமக்காரரும் புது நெல்லை அப்படித்தான் நம்புகிறார். நீங்களும் ஒரு குழு, ஒரு பாடவேளை, இரண்டு கிழமை என்று சிறிதாகச் செய்து பாருங்கள். யன்னலால் எட்டிப் பார்க்கும் மூத்தவரிடம் "இதில் எங்கே பிழை இருக்கிறது?" என்று கேளுங்கள். பிழை சொல்ல உள்ளே வருபவர் பெரும்பாலும் கடைசிவரை நிற்பார்.

நான் செய்யும் சாதனங்களை விற்கலாமா?

உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருபோதும் கூடாது. வெளியே விற்பதென்றால், நியமனம் கிடைத்தபின் அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவை உங்களைக் கட்டுப்படுத்தும். அதிபர் ஊடாக எழுத்தில் அனுமதி பெற்றுவிட்டுத் தொடங்குங்கள். சீனிக் கணக்கையும் மறக்காதீர்கள்.