ஹெர்ஷி அணி வாஷிங்டனுக்குச் சொந்தமா?

ஐஸ் ஹாக்கி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். ஆட்டங்களை இந்த சீசனில்தான் பார்க்க ஆரம்பித்தேன். வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் ஆடும்போது வர்ணனையாளர், 'இந்தப் பையன் முந்தாநாள் வரை ஹெர்ஷியில் ஆடிக்கொண்டிருந்தவர்' என்கிறார். ஹெர்ஷி என்பது வாஷிங்டனின் பி டீமா? யாருக்குச் சொந்தம்?

பதில்: இந்த ஒரு ஜோடியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெர்ஷி பேர்ஸ் வாஷிங்டனுக்குச் சொந்தமில்லை. பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன அந்தச் சின்ன ஊரில், ஹெர்ஷி என்டர்டெயின்மென்ட் அண்ட் ரிசார்ட்ஸ் என்ற நிறுவனம்தான் அணியை நடத்துகிறது. அணியின் பெயர், சின்னம், அரங்கம், டிக்கெட் வசூல், வெளியூர் போகும் பஸ் எல்லாம் ஹெர்ஷியின் கணக்கு. ஆனால் பனிமேல் இறங்கும் வீரர்களில் பெரும்பாலோர் வாஷிங்டனோடு ஒப்பந்தம் போட்டவர்கள், அவர்களுடைய சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் வாஷிங்டனின் கைதான் ஓங்கி இருக்கும். மீதி இடங்களுக்கு ஹெர்ஷி தன் சொந்த ஒப்பந்தத்தில் ஆட்களை எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைத்தான் இணைப்பு ஒப்பந்தம் என்கிறார்கள். மேலே இருப்பது தாய் அணி, கீழே இருப்பது கிளை அணி.

'தாய்' என்ற சொல்லை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெர்ஷி, என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான ஏ.எச்.எல். லீகில் சேர்ந்தது 1938இல். வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் ஆட ஆரம்பித்தது 1974இல். பிள்ளைக்கு 36 வயதானபோதுதான் தாயே பிறந்திருக்கிறது! இரண்டும் இப்போதைய உறவில் சேர்ந்தது 2005இல். அதற்கு முன் ஹெர்ஷி, கொலராடோ அவலாஞ்சின் கிளையாக இருந்தது. தாய் அணிகள் வந்தன, போயின, ஊர் மட்டும் தன் அணியை விடவில்லை. ஏ.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் கால்டர் கோப்பையை 13 முறை வென்றிருக்கிறார்கள், அந்த லீகில் வேறு யாருக்கும் அத்தனை இல்லை. 2023, 2024 இரண்டு வருடமும் தொடர்ந்து அவர்கள்தான். இப்படி ஒரு அணியை வெறும் நாற்றங்கால் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம், ஏணியின் அமைப்பு: உச்சியில் என்.எச்.எல்., 32 அணிகள். அதற்கு அடுத்த படி ஏ.எச்.எல்., அங்கேயும் 32, ஆளுக்கொன்று. அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். வாஷிங்டனுக்கு அந்தப் படியில் சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ். 2018இல் வாஷிங்டன் முதல்முறையாக என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது கோல் காத்தாரே பிரேடன் ஹோல்ட்பி, அவர் 2009-10 சீசனில் ஸ்டிங்ரேஸிலும் ஹெர்ஷியிலும் ஆடியவர்.

கேள்வி: ஒரு வீரரை மேலே கூப்பிடும்போது என்ன நடக்கிறது? சம்பளம் மாறுமா?

பதில்: தலைகீழாக மாறும். என்.எச்.எல். அணியின் பட்டியலில் 23 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அதில் ஒருவருக்கு முழங்கால் பிசகினால், தாய் அணியின் மேலாளர் கிளை அணிக்குப் போன் போடுவார். அங்கே ஆட்டம் முடிந்து பையன் ஷூ லேஸைக்கூட அவிழ்த்திருக்க மாட்டான், கோச் அறைக்கு வரச் சொல்லி ஆள் வரும். அதற்குள் உபகரணம் பார்ப்பவர் ஸ்கேட்ஸையும் மட்டைகளையும் பையில் திணிக்க ஆரம்பித்திருப்பார். மறுநாள் காலை விமானம், சாயங்காலம் ஆட்டம். அடுத்த முறை புதிதாக ஒரு கோல்கீப்பர் மேலே வந்தால் அவருடைய முகமூடியைக் கவனியுங்கள். பல நேரம் அதில் கிளை அணியின் சின்னம்தான் வரைந்திருக்கும், காலில் கட்டும் பேடும் பழைய நிறத்திலேயே இருக்கும். புது நிறத்தில் செய்து வாங்க நாள் எங்கே இருக்கிறது?

சம்பளத்துக்கு வருகிறேன். இளம் வீரர்களுக்குப் பெரும்பாலும் இருவழி ஒப்பந்தம், அதாவது மேலே இருக்கும் நாளுக்கு ஒரு தொகை, கீழே இருக்கும் நாளுக்கு வேறொன்று. 2025-26 சீசனில் என்.எச்.எல்.லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். அதை நாள் கணக்கில் பிரித்துத் தருவார்கள், நாளொன்றுக்கு 4,000 டாலருக்கு மேல் வரும். பத்து நாள் மேலே இருந்துவிட்டு வந்தாலே ஒரு குடும்பத்தின் அந்த வருடக் கணக்கு மாறிவிடும். அதனால்தான் இந்தப் பையன்கள் நான்கு நிமிடம் பனிமேல் கிடைத்தாலும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்.

கேள்வி: மேலே வந்தவரை இஷ்டப்படி திரும்ப அனுப்பிவிட முடியுமா?

பதில்: புதிதாக வந்த இளைஞர் என்றால் முடியும். கொஞ்ச வருடம், கொஞ்சம் ஆட்டம் ஆகிவிட்டால் 'வெய்வர்ஸ்' என்ற வாசலைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். 24 மணி நேரம் மற்ற 31 அணிகளுக்கும் அவருடைய பெயரைக் காட்டி வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு திறமைசாலியைக் கீழேயே பூட்டி வைக்காமல் இருக்க இந்த விதி. வேண்டியதுதான்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் அணியின் கிளை ஒரு காலத்தில் நாட்டின் அந்தக் கோடியில் இருந்ததாமே? ஏன் மாற்றினார்கள்?

பதில்: ஆமாம், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் மோனார்க்ஸ். யோசித்துப் பாருங்கள், கலிஃபோர்னியாவில் ஒருவருக்கு அடிபட்டால் மாற்று ஆள் மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கடந்து, கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து வர வேண்டும். நடுவில் பனிப்புயல் வந்தால் அதுவும் இல்லை. மேற்குக் கரை அணிகள் எல்லாவற்றுக்கும் இதே தலைவலி. 2015இல் சேர்ந்து முடிவெடுத்து, ஐந்து ஏ.எச்.எல். அணிகளை ஒரே மூச்சில் கலிஃபோர்னியாவுக்கு மாற்றினார்கள்: பேக்கர்ஸ்ஃபீல்டு, ஒன்டாரியோ, சான் டியேகோ, சான் ஹோசே, ஸ்டாக்டன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் என்று நினைத்துவிடாதீர்கள், இது லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, போக்குவரத்து இல்லாவிட்டால் காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்.

மேலாளர் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. மான்செஸ்டர்காரர்கள் கண்ணால் பாருங்கள். அணி போகப்போகிறது என்று சீசன் நடுவிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஆடினார்கள், அந்த ஜூனில் யூட்டிகா காமெட்ஸைத் தோற்கடித்துக் கால்டர் கோப்பையை வென்றார்கள். வென்ற கையோடு அந்த அணி ஒன்டாரியோ ரெய்ன் ஆகிவிட்டது! ஒன்டாரியோவில் அதுவரை இருந்த ஈ.சி.எச்.எல். அணி மான்செஸ்டருக்கு வந்து, அதே மோனார்க்ஸ் பெயரை மாட்டிக்கொண்டது. பெயர் இருந்தது, ஒரு படி இறங்கிவிட்டது. 2019இல் அதையும் மூடிவிட்டார்கள். தூரத்தைக் குறைத்தது சரி, நானும் அதை ஏற்கிறேன், ஆனால் சாம்பியன் ஆன ஊருக்கு இப்படி நடந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: டொரான்டோவுக்கு இந்தத் தூரப் பிரச்சினையே இல்லையா?

பதில்: இல்லை. கிளையான மார்லீஸ் அணி அதே நகரத்தில் இருக்கிறது, டொரான்டோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸின் உரிமையாளர்களுக்கே சொந்தம். வின்னிபெக்கில் இன்னும் நெருக்கம், ஜெட்ஸும் கிளை அணியான மேனிடோபா மூஸும் ஒரே அரங்கத்தில் ஆடுகிறார்கள். வான்கூவரும் 2021இல் தன் கிளையை யூட்டிகாவிலிருந்து பக்கத்து அபட்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தது, 2025இல் அபட்ஸ்ஃபோர்டு கால்டர் கோப்பையை வென்றது.

கேள்வி: கிளை அணியே இல்லாமல் ஒரு என்.எச்.எல். அணி இருந்தால்?

பதில்: இருந்திருக்கிறது. இதற்கு ஜோர்டன் பின்னிங்டன் கதையைத்தான் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கதையும் அதுதான். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2011இல் டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த கோல்கீப்பர் அவர். ப்ளூஸின் கிளையாகச் சிகாகோ வுல்வ்ஸ் இருந்தது. 2017இல் வேகஸ் கோல்டன் நைட்ஸ் புதிதாக லீகுக்குள் வந்து வுல்வ்ஸைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. ப்ளூஸுக்கு அந்த சீசனில் தனக்கென்று ஒரு ஏ.எச்.எல். அணி கிடையாது, வீரர்களை அங்கும் இங்கும் பிரித்து உட்கார வைத்தார்கள். கோல் காப்பவருக்கு இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும், அடுத்தவர் வீட்டில் போய் 'எனக்கும் இடம் கொடு' என்றால் அவர்களுடைய சொந்தப் பையன் எங்கே போவான்? பின்னிங்டனை ஈ.சி.எச்.எல்.லுக்கு இறங்கச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். கடைசியில் பாஸ்டன் ப்ரூயின்ஸின் கிளையான பிராவிடன்ஸுக்குக் கடனாகப் போனார். நினைவில் வையுங்கள், பாஸ்டனின் கிளை.

அடுத்த சீசனில் ப்ளூஸுக்குச் சான் அன்டோனியோ ராம்பேஜ் கிளையாகக் கிடைத்தது, பின்னிங்டன் அங்கே ஆடினார். 2019 ஜனவரி 3 அன்று காலை புள்ளிப் பட்டியலில் ப்ளூஸ்தான் கடைசி. ஜனவரி 7ஆம் தேதி, பிலடெல்பியாவில், பின்னிங்டனை முதல்முறையாக ஆட்டத்தின் ஆரம்பத்திலிருந்தே கோல் காக்க நிறுத்தினார்கள். ஒரு கோல்கூட விடவில்லை, 3-0. அதற்குப் பிறகு அந்த அணி நிற்கவே இல்லை. ஜூன் 12 அன்று ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், 4-1 என்று வெற்றி. எதிரில் இருந்தது பாஸ்டன், போன வருடம் தன் கிளையில் அவருக்கு இடம் கொடுத்த அதே பாஸ்டன், அதுவும் அவர்கள் சொந்த அரங்கத்தில்.

கேள்வி: தாய் அணிக்கு இளைஞர்கள் வளர வேண்டும், கிளை அணி ஊருக்கு ஜெயிக்க வேண்டும். இந்த இழுபறியை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: சில நேரம் சமாளிப்பதில்லை. அதே சிகாகோ வுல்வ்ஸ், 2022இல் கரோலினா ஹரிகேன்ஸின் கிளையாகக் கால்டர் கோப்பை வென்றது, ஆனால் 2023-24இல் இணைப்பே வேண்டாம் என்று தனியாக ஆடிப் பார்த்தது. ஜெயிப்பதற்கு அனுபவசாலிகளை நாமே எடுத்துக்கொள்கிறோம் என்ற யோசனை. அந்த வருடம் பிளே-ஆஃபுக்கே போக முடியவில்லை. கரோலினாவின் பையன்களும் வீடில்லாமல் பல அணிகளில் சிதறினார்கள். 2024இல் இரண்டு பேரும் மறுபடி கைகோர்த்துவிட்டார்கள். அனுபவசாலிகளுக்கும் அங்கே ஒரு வரம்பு உண்டு. ஏ.எச்.எல். ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில், கோல்கீப்பர்களை விட்டுவிட்டு, 13 பேர் இன்னும் வளர்ந்துவருபவர்களாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆடிய ஆட்டங்களை எண்ணித்தான் அதை முடிவு செய்வார்கள்.

என்னைக் கேட்டால், ஜெயிக்கக் கற்றுக்கொள்வதும் வளர்ச்சியில் சேர்த்திதான். 2011-12இல் நார்ஃபோக் அட்மிரல்ஸ் தொடர்ந்து 28 ஆட்டங்களை வென்று கால்டர் கோப்பையையும் எடுத்தது, தாய் அணி டாம்பா பே. கோச் ஜான் கூப்பர். டைலர் ஜான்சன், ஓண்ட்ரே பாலாட், அலெக்ஸ் கில்லோர்ன் எல்லாம் அந்த அணிப் பையன்கள். 2020, 2021 இரண்டு முறையும் டாம்பா பே ஸ்டான்லி கோப்பை வென்றபோது இதே கோச், இதே மூன்று பேரும் மேலே இருந்தார்கள்.

கேள்வி: கோச்சுகளும் இப்படித்தான் படியேறுகிறார்களா?

பதில்: ஸ்பென்சர் கார்பெரியைப் பாருங்கள். ஸ்டிங்ரேஸ், ஹெர்ஷி, பிறகு 2023 முதல் வாஷிங்டன். மூன்று லீகிலும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியிருக்கிறார், கடைசியாக 2025இல் என்.எச்.எல்.லில்.

கேள்வி: 42 வயது ஆள் ஒருவர் திடீரென்று கோல் காத்தாராமே, அவரும் கிளை அணியிலிருந்து வந்தவரா?

பதில்: டேவிட் ஏர்ஸ். கிளை அணியின் வீரர் இல்லை, ஆனால் மார்லீஸின் பயிற்சியில் கோல் காத்துப் பழகியவர், அரங்கத்தில் பனியைச் சமன்படுத்தும் வண்டியும் ஓட்டியவர். 2004இல் அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்பவர். 2020 பிப்ரவரி 22 அன்று டொரான்டோவில் கரோலினாவின் இரண்டு கோல்கீப்பர்களும் அடிபட்டு வெளியேறினார்கள். ஆட்டத்தின் நடுவில் கிளை அணியிலிருந்து ஆள் வரவழைக்க நேரமில்லை என்பதால், அரங்கத்தில் தயாராக ஒரு அவசரக் கோல்கீப்பர் இருப்பார், அன்றைக்கு ஏர்ஸ். அவரை நோக்கி வந்த முதல் இரண்டு பக்கும் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) கோலுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3.

கேள்வி: ஏ.எச்.எல்.லை எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதில்: ஹெர்ஷியின் கரடிபொம்மை நாளிலிருந்து. வருடத்தில் ஒரு ஆட்டம், ஹெர்ஷி முதல் கோல் போட்ட அந்த நொடியில் அரங்கம் முழுக்க இருப்பவர்கள் கையோடு கொண்டுவந்த பொம்மைகளைப் பனிமேல் வீசுவார்கள். கோல் போட்டவர் தலைமேலேயே வந்து விழும், வெள்ளைத் தரை கண்ணுக்கே தெரியாது, வீரர்களும் சேர்ந்து பொறுக்குவார்கள். எல்லாம் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்குப் போகும். 2025 ஜனவரியில் எண்ணியபோது 1,02,343 பொம்மைகள்.