எச்பியைக் கூட்டினால் தண்ணீர் ஏறுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் 50 அடி திறந்த கிணறு. மேலே மேட்டில் 5 எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது). காலையில் தண்ணீர் 20 அடியில் நிற்கும்போது நன்றாக எடுக்கிறது. அரை மணி நேரத்தில் உள்ளே சரளைக்கல் உருள்கிற மாதிரி சத்தம் வந்து, தண்ணீர் நின்றுவிடுகிறது. மெக்கானிக் 7.5 எச்பி போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். 20 எச்பி போட்டாலும் அந்தச் சத்தம் வரும். இன்னும் சீக்கிரமே வரும்.

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். பம்பு செய்வதெல்லாம் தன் வாயில் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் அதைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றின் பலம் 34 அடி. பல்லடம் மேடான ஊர், ஓரடிக்கு மேல் குறையும். நம் வெயிலில் தண்ணீர் ஆவியாகும் கணக்கில் ஒன்றரை அடி. புட்வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் வால்வு), பெண்டு, குழாய் உராய்வு என்று நாலு அடி போகும். இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரம், அதன் வாயில் 6 முதல் 10 அடி மிச்சம் இருந்தாக வேண்டும். கழித்தால் நிற்பது 17 முதல் 21 அடி.

அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் இம்பெல்லர் வாயிலேயே ஆவிக் குமிழ் கட்டும். அந்தக் குமிழ்கள் உள்ளே போய் உடைவதுதான் உங்கள் சரளைச் சத்தம். இப்படியே ஓட்டினால் இம்பெல்லர் குழிகுழியாக அரித்துப் போகும். பெரிய பம்பு அதே குழாயில் அதிகத் தண்ணீர் கேட்கும், உராய்வும் கூடும்.

இது புதுச் சங்கதி இல்லை. கலிலியோ 1638-ல் அச்சிட்ட நூலில் பம்பு ரிப்பேர்க்காரர் ஒருவர் வருகிறார். ‘கோளாறு பம்பில் இல்லை, தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டது, 18 முழத்துக்கு மேல் மயிரிழைகூட ஏறாது’ என்கிறார். அவர்கள் ஊர் முழம் பெரிது, 18 முழம் ஏறக்குறைய அதே 34 அடிதான். தண்ணீர்த் தூண் தன் எடையிலேயே அறுந்துவிடுகிறது என்று நினைத்தார் கலிலியோ. காற்றின் எடைதான் காரணம் என்று பிறகு டாரிசெல்லி சொன்னார். அளவு தொழிலாளிக்கு முன்பே தெரிந்திருந்தது. உங்கள் மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். கயிற்றில் கல் கட்டி, பம்பின் நடுமட்டத்திலிருந்து தண்ணீர் வரை அளக்க வேண்டும். மோட்டார் ஓடி, சத்தம் வரும் நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் நிற்கும் 20 அடி கணக்கில் சேராது. அநேகமாக 26, 27 இருக்கும். சந்தேகமென்றால் சக்ஷன் பக்கம் (தண்ணீர் உள்ளே வரும் பக்கம்), பம்பை ஒட்டி ஒரு வேக்கம் கேஜ் (உறிஞ்சும் அளவைக் காட்டும் மீட்டர்) மாட்டுங்கள். சில நூறு ரூபாய்தான். முள் 22 அங்குலத்தைத் தாண்டினால் ஆழம், அல்லது புட்வால்வு அடைப்பு. 10-க்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. காற்று புகும் இடத்தைச் சோப்புத் தண்ணீர் தடவித் தேடாதீர்கள். ஓடும்போது சக்ஷன் குழாய் உள்ளே இழுக்குமே தவிர நுரை விடாது. மோட்டாரை நிறுத்தி, பிரைமிங் கப் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். ஓட்டை ஜாயின்டில் சொட்டும். வெளியே எங்கும் சொட்டாமல் கப்பில் மட்டம் இறங்கினால் புட்வால்வு பிடிக்கவில்லை.

சக்ஷன் குழாய் இரண்டரை அங்குலம் என்றால் மூன்றாக்குங்கள், உராய்வு பாதிக்கும் கீழே போகும். ஆனால் ஓரிரு அடிதான் மிச்சமாகும், உங்கள் குறையை அது தீர்க்காது.

‘பக்கத்து வீட்டில் 1 எச்பி மோட்டார் 60 அடியிலிருந்து எடுக்கிறதே’ என்பீர்கள். அது ஜெட் பம்பு. உள்ளே இரண்டு குழாய் இறங்குகிறதா பாருங்கள். மேலே வந்த தண்ணீரில் ஒரு பங்கை ஒரு குழாயில் திருப்பிக் கீழே அனுப்பி, அடியில் ஒரு சின்ன நாசில் வழியாகப் பீய்ச்சி, அந்த வேகத்தில் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து மற்றக் குழாயில் மேலே தள்ளுகிறார்கள். அங்கே வேலை நடப்பது கிணற்றின் அடியில், மேலிருந்து உறிஞ்சவில்லை. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் கரன்ட் வீண். வீட்டுத் தொட்டிக்குச் சரி, தோட்டத்துக்கு ஆகாது.

உங்களுக்கு வழி, பம்பைக் கீழே இறக்குவது. கிணற்றுக்குள் மேடை கட்டினால் மழைக்காலத்தில் மூழ்கும். அதைவிட ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் (கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் பம்பு), அதே 5 எச்பியில். தண்ணீர் நிரப்பும் மாடலாக இருந்தால் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் ஊற்றிவிட்டு இறக்குங்கள். கேபிளைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், தனிக் கயிறு வேண்டும். ஸ்டார்ட்டர் ரிலேயைப் புது நேம்பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு மாற்றி வையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் கட்டாஃப் கட்டாயம். ஊற்று குறைந்த கிணறு உங்களுடையது.

கரன்ட் ஆபீஸ் படிவத்தில் எச்பி, கடை பில்லில் எச்பி, பேச்சிலும் எச்பி. எத்தனை அடி ஆழம், எத்தனை அடி உயரம், எவ்வளவு தண்ணீர் என்று ஒருவரும் கேட்பதில்லை. 7.5-க்கு மாற்றினால் கூடுதல் லோடுக்கு எழுதிக்கொடுத்து நீங்கள்தான் அலைய வேண்டும், மெக்கானிக் வர மாட்டார். கைகாட்டிய கடையில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று விசாரியுங்கள். ‘பழசை நானே கழித்துக்கொள்கிறேன்’ என்றால் விடாதீர்கள். உங்கள் மோனோபிளாக்கில் கோளாறே இல்லை, உள்ளே செம்புக் காயிலும் இருக்கிறது. தொட்டியிலிருந்து சொட்டுநீர்க் குழாய்க்குத் தள்ள அதுவே போதும்.